சைக்கிளுக்கு பர்கர் கிடையாது

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் சட்டப்படி சைக்கிளும் ஒரு வாகனம்தான். சிவப்பு விளக்கை மதிக்காவிட்டால் அதற்கும் அபராதம் உண்டு. 2009-ல் அங்கே போர்ட்லாந்து நகரத்தில், 'பர்கர்வில்' கடையின் டிரைவ் த்ரூவுக்கு (வண்டியை விட்டு இறங்காமலே ஜன்னலில் சாப்பாடு வாங்கும் வரிசை) ஒரு பெண் சைக்கிளில் வந்தார். கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சட்டமெல்லாம் ரோட்டோடு சரி. இது கடைக்காரர் இடமாச்சே! அவர் ட்விட்டரில் புலம்ப, சீக்கிரமே சைக்கிளுக்கும் வழி திறந்தது.

காசோடு வருகிறவரைத் துரத்துவது எந்த வியாபாரக் கணக்கோ, நான் படித்த பி.காமில் இல்லை.

2020 கொரோனாவில் அமெரிக்கக் கடைகள் பல, உள்ளே பூட்டிவிட்டு ஜன்னலில் மட்டும் விற்றன. ராத்திரி ஷிப்ட் முடிந்து சைக்கிளில் பசியோடு வருகிறவர் என்ன செய்வார்? முன்னால் நிற்கிற கார்க்காரரிடம் காசை நீட்டி, 'எனக்கும் ஒரு பர்கர் சொல்லுங்க சார்' என்று கெஞ்ச வேண்டியதுதான்.