மென்று கொடுக்கும் கை

மூச்சு வாங்குகிறவர்களுக்குச் சாப்பிடுவதும் ஒரு வேலைதான். மெல்லவும் விழுங்கவும் மூச்சைப் பிடித்துப் பிடித்து விடவேண்டியிருக்கிறது. வயிறு நிறைந்தால் அது உதரவிதானத்தை மேலே தள்ளும். காற்று வெளியேறாமல் உப்பிக் கிடக்கும் நுரையீரலுக்கு இருக்கிற இடமும் குறையும். "போதும் தாயி, முட்டுது" என்று என் அத்தை நாலு கவளத்தில் தட்டைத் தள்ளுவது ருசி பிடிக்காமல் இல்லை. அவருக்கு எதைச் சமைத்தாலும் நான் முதலில் யோசிப்பது இதைத்தான்: அவர் வாயும் வயிறும் செய்யவேண்டிய வேலையில் எவ்வளவை என் கையும் அம்மியும் முன்கூட்டியே முடித்துவிடலாம்?

அத்தை பீடியைத் தொட்டவரில்லை. காலமெல்லாம் சீமைக் கருவேல விறகை ஊதி ஊதி எரித்துச் சமைத்தவர். இராமநாதபுரம் பக்கம் கரிமூட்டம் போடுவதும் அந்த மரத்தில்தான், வீட்டடுப்பில் எரிந்ததும் அதுதான். விறகுப் புகையை மட்டுமே சுவாசித்த பெண்களுக்கும் சி.ஓ.பி.டி. என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வரும் என்பது மருத்துவர்கள் நன்கறிந்தது. 2016 மே மாதம் உஜ்வாலா திட்டம் தொடங்கி எரிவாயு இணைப்புகள் பரவியபோது, அவர் வயதுப் பெண்கள் பாதி ஆயுளுக்கு மேல் புகையில் கழித்திருந்தார்கள்.

கேஸ் அடுப்பு வந்தபின்னும் தாளிப்பு நெடி இருக்கிறது. எங்கள் ஊர் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் நிறத்துக்கும் மணத்துக்கும் அது தகும். ஆனால் காய்ந்த எண்ணெயில் அது கருகினால் நல்ல நுரையீரலே இருமும். அதனால் மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, விதை நீக்கி, சீரகத்தோடு விழுதாக அரைத்துப் புளிக்கரைசலிலேயே கொதிக்கவிடுகிறேன். நிறம் அப்படியே வரும், நெடி வராது. கடுகு, கருவேப்பிலைத் தாளிப்பை அவர் திண்ணையில் இருக்கும்போது முடித்துவிடுவேன். எங்கள் அடுப்படி மேற்குப் பக்கம். கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும் மாதங்களில் அங்கே கிளம்பும் நெடி நேராகக் கூடத்துக்கு வரும்; அப்போதெல்லாம் கொல்லையில் வைத்துத்தான் தாளிப்பு.

மீனில் சீலாவும் பாறையும் எனக்குக் கைகொடுப்பவை. சதை கெட்டி, பொடிமுள் குறைவு. இருமல்காரருக்கு முள் தொண்டையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதை எண்ணிக்கொண்டே முள் எடுப்பேன். மீனை ஆவியில் வேகவைத்து உதிர்த்து, கெட்டித் தேங்காய்ப்பாலில் மிளகு, மஞ்சள், இஞ்சி சேர்த்து ஒரு கொதி. கரண்டியால் அள்ளி விழுங்கலாம். தேங்காய்ப்பாலுக்கு வேறொரு காரணமும் உண்டு. உடம்பு மாவுச்சத்தை எரிக்கும்போது, கொழுப்பை எரிப்பதைவிடக் கூடுதலாகக் கரியமில வாயு உண்டாகிறது. அதை வெளியேற்றத் திணறுகிற நுரையீரலுக்கு ஒரு குண்டான் சோற்றைவிட, பாதிச் சோறும் மீனும் தேங்காய்ப்பாலும் இலகு.

நோயாளிக்குக் கஞ்சி என்று நீர்க்கக் கரைத்துக் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். தண்ணீரே வயிற்றை அடைத்துக்கொள்ளும், தெம்பு வராது. மூச்சுவிடுவதற்கே இவர்கள் உடம்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு சக்தியைச் செலவழிக்கிறது. முதுகுளத்தூர்ப் பக்கத்துக் குதிரைவாலியைக் குழைய வேகவைத்து, பாசிப்பருப்பும் ஒரு கரண்டி நெய்யும் சேர்த்துக் கெட்டியாகத் தருகிறேன். ஸ்டீராய்டு மாத்திரை நாளடைவில் எலும்பைத் தேய்க்கும் என்பதால் சில நாள் கேழ்வரகு. 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து. மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு சிறு கிண்ணங்களாகப் பிரித்துவிட்டோம். பனங்கிழங்குப் பருவத்தில் அத்தைக்கு ஆசை அடங்காது. நாரை உரித்துக் கடிக்க மூச்சு ஏது? அவித்த கிழங்கை நார் நீக்கி, தேங்காய், பூண்டு, மிளகோடு இடித்துக் கொடுத்தால் சாப்பிடுவார்.

பார்க்க வருகிறவர்கள் சொல்லும் பத்தியம்தான் எனக்குப் பெரிய பாடு. பால் சளி, தயிர் சளி, வாழைப்பழம் சளி, முட்டை சூடு. அன்போடுதான் சொல்கிறார்கள், ஆனால் எல்லாவற்றையும் கேட்டால் இளைத்த உடம்பு இன்னும் இளைக்கும். பால் சளியைப் பெருக்குவதில்லை. குடித்தபின் தொண்டையில் ஒட்டினாற்போல் இருக்கும், ஒரு மடக்கு வெந்நீரில் அது போய்விடும். நான் பயப்படுவது உப்புக்குத்தான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் சோறு இறங்காத கடற்கரையில் அதைக் காப்பாற்றுவது லேசில்லை. கருவாட்டை வெந்நீரில் இரண்டு தடவை அலசினாலும் உள்ளே உப்பு நிற்கும். ஆகவே எப்போதாவது ஒரு துண்டு, வாசத்துக்கு, வேறு உப்பே போடாத கத்தரிக்காய்க் குழம்பில்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாட்களும் சீலா விலை எங்களுக்கு எட்டாது. நாட்டுப்படகில் வரும் சாளையை அவித்து, நடுமுள்ளை உருவி, மீதியை விரலால் தடவித் தடவி எடுப்பேன். அதுவும் இல்லாத நாளில் முட்டை.

வாரம் ஒருமுறை அத்தையை எடைமேடையில் நிறுத்துகிறோம். எடை இறங்கியிருந்தால் கிண்ணத்தில் நெய்யும் முட்டையும் கூடும், அடுத்த முறை மருத்துவரிடமும் சொல்வோம். கணுக்கால் வீங்கி எடை ஏறியிருந்தால் அது சதையில்லை, நீர். அன்றே அழைத்துக்கொண்டு போவோம்.