பொட்டுவின் நாலாவது கால்

உங்கள் வீட்டில் நாய் உண்டா? இல்லாவிட்டாலும் பாதகமில்லை, வாசலில் கேட் இருக்குமல்லவா? அதைச் சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்து மேலே படியுங்கள். நான் சொல்லப் போகும் சங்கதி முழுவதும் ஒரு கேட்டிலிருந்து ஆரம்பித்ததுதான்.

எங்கள் ஊர் விருத்தாசலம். விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குப் போகும் ரயிலில் தூங்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் எங்கள் ஜங்ஷனைப் பார்த்திருப்பார்கள். பழமலைநாதர் கோவிலும் மணிமுத்தாறும் ஊருக்குப் பழைய பெருமை. புதுப் பெருமை பீங்கான். டீக் கோப்பை, பொம்மை, ப்யூஸ் கட்டை எல்லாம் இங்கே சூளையில் வெந்துதான் வெளியூருக்குப் போகின்றன. என் கணவருக்கு ஒரு பொம்மைப் பட்டறையில் வேலை. நானோ பத்திரிகை வேலையாகச் சென்னைக்கும் ஊருக்குமாக ரயிலில் அலைகிறவள். வீட்டை ஆளுகிறவர் என் மாமியார். மாமியாரை ஆளுகிறது பொட்டு.

பொமரேனியன் ஜாதி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பாதி ஜாதி எங்கள் தெருவைச் சேர்ந்தது என்பது என் அபிப்பிராயம். வெள்ளை உடம்பு, நெற்றியில் பழுப்பாக ஒரு திட்டு, எடை நாலரைக் கிலோ.

மாசி மாதத்தில் ஒரு நாள் காலை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஒரு கையில் பெட்டி, மறு கையில் செல்போன். கேட்டைக் காலால் தள்ளிக்கொண்டு ஓடினேன். தெருமுனையில் ஆட்டோவில் ஏறப் போகும்போது அந்தக் கதறல் கேட்டது. திரும்பி ஓடி வந்தேன். மோட்டார் சைக்கிள்காரன் போய்விட்டான். பொட்டு நடுத்தெருவில் கிடந்தது. வலது பின்னங்கால் துணி போலத் தொங்கியது.

"கேட்டைத் திறந்து போட்டது யார்? அந்தப் பால்காரப் பையனாகத்தான் இருக்கும்!" என்றார் அத்தை.

நான் பேசாமல் இருந்துவிட்டேன். பொய் சொல்லவில்லை; பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான். அன்று முழுவதும் இந்த வித்தியாசத்தை எனக்கு நானே எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டின் பந்து உடைந்திருப்பது தெரிந்தது. "மாவுக்கட்டுப் போட்டால் சேராதா டாக்டர்?" என்று கேட்டார் என் கணவர். அவர் கேட்டதில் தப்பில்லை. பொம்மை வார்க்கும் அச்சும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்தான். களிமண் கூழை அதில் ஊற்றினால் அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, உள்ளே பொம்மையின் உடம்பு படிந்து நிற்கும். அதே மாவைத் துணியில் தடவி 1852-ல் எலும்பு முறிவுக்குக் கட்டினவர் மத்தைசன் என்ற டச்சு ராணுவ டாக்டர். ஆனால் இடுப்புக்குள் உடைந்த பந்தைக் கட்டுப் போட்டு அசையாமல் பிடித்து வைக்க முடியாது என்று டாக்டரம்மா விளக்கினார்.

"மனிதர்களாக இருந்தால் செயற்கைப் பந்து வைக்கலாம். 1970-லேயே பிரான்ஸில் பூத்தென் என்ற டாக்டர் பீங்கானில் பந்து செய்து ஒரு மனிதருக்கு வைத்திருக்கிறார்" என்றும் சொன்னார். என் கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்குக் கோப்பை செய்யும் மண் உதவாது, அலுமினா என்ற வேறு சரக்கு வேண்டும் என்று பட்டறைக்காரராக எனக்கு விளக்கம் வேறு!

பொட்டுவுக்கு அந்தப் பந்தும் தேவைப்படவில்லை. சின்ன நாய்களுக்கு உடைந்த பந்தை வெட்டி எடுத்துவிட்டு அப்படியே தைத்துவிடுகிறார்கள். சுற்றியிருக்கும் தசையும் நாரும் சேர்ந்து அந்த இடத்தில் தாமே ஒரு மூட்டு மாதிரி செய்துகொள்கின்றன. கால் ஒரு பிடி குட்டையாகும், லேசாக நொண்டல் தங்கினாலும் தங்கலாம் என்று முன்னதாகவே சொல்லிவிட்டார். நாய்க்கு இத்தனை வைத்தியமா என்று சிரிக்காதீர்கள். சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியதே 1903-ல்.

ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. சிரமமெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான்.

காலை அசையாமல் வைத்திருக்கக் கூடாது. மருந்து கொடுத்து வலியை அடக்கி, தினமும் மெல்ல மடக்கி நீட்ட வேண்டும். கயிற்றைப் பிடித்து மெதுவாக நடத்த வேண்டும் என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. அத்தையோ பொட்டுவை இடுப்பை விட்டு இறக்கவில்லை. தீட்டு என்று சமையலறை வாசற்படியையே மிதிக்கவிடாமல் வைத்திருந்தவர், அதை இடுப்பில் வைத்துக்கொண்டே ரசத்துக்குத் தாளித்தார்!

"இறக்கி விடுங்கள் அத்தை, நடந்தால்தான் சரியாகும்."

"ஏம்மா, உனக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா?"

இறக்கிவிட்டால் அது லேசுப்பட்டதா? மூன்று காலிலேயே வீட்டைச் சுற்றி வந்தது. நாயின் பாரத்தில் நூற்றுக்கு 60 பங்கு முன்னங்கால்களில்தான் இறங்குகிறதாம். ஆகையால் ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அதற்குப் பெரிய காரியமில்லை. ரவிக்கை தைக்கிற இஞ்ச் டேப்பால் இரண்டு தொடையையும் அளந்து பார்த்தேன். வலது தொடை ஒரு விரற்கடை சூம்பியிருந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டு வாரமாகியும் கால் தரையில் படவில்லை. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டிவிடுவது என்று அத்தை தீர்மானித்தார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. குறையைக் காகிதத்தில் மனுவாக எழுதி முருகன் சந்நிதியில் வைத்துப் பூஜை செய்து, வேலில் கட்டிவிட வேண்டும். குறை தீர்ந்ததும் போய் வாபஸ் வாங்க வேண்டும். பத்திரிகையில் எழுதுகிறவள் வீட்டில் இருக்கும்போது வேறு யாரிடம் எழுதச் சொல்வார்?

"பொட்டு நாலு காலையும் ஊன்றி நடக்க வேண்டும்" என்று சொன்னார். எழுதினேன். "கேட்டைத் திறந்து போட்டவர்களை நீயே கேட்க வேண்டும்" என்றார். பேனா நின்றுவிட்டது.

"அத்தை, திறந்து போட்டது நான்தான்."

அத்தை வெகுநேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு, "அந்த வரியை அடித்துவிடு. நாளைக்குப் பையன் வந்ததும் நீயே சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

காலேஜுக்குப் போகுமுன் நாலு தெருவுக்குப் பால் ஊற்றுகிற பையன் அவன். தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"தெரியும்க்கா. நீங்க ஓடினதை டீக்கடையிலிருந்து பார்த்தேனே."

"பின்னே ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா ஆயா உங்களைத் திட்டும்" என்றான், கேனை மூடிக்கொண்டே.

அந்தப் பிள்ளைதான் பொட்டுவை நடக்க வைத்தவன். தையல் பிரித்த பிறகு, தண்ணீர் வற்றிக் கிடந்த மணிமுத்தாற்று மணலில் காலையில் பத்து நிமிஷம். வேகமாகப் போனால் நாய் மூன்று காலில் சமாளித்துவிடும். நிதானமாகப் போனால் நாலாவதை ஊன்றாமல் முடியாது. எனக்கோ நிதானம் என்பதே தெரியாது. பையன் பால் கேனோடு ஓரடி முன்னால் மெல்ல மெல்ல நடப்பான். கேன்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் பொட்டு பின்னால் போகும். ஐந்தாம் நாள் வலது பின்பாதத்தின் விரல் நுனி மணலில் கோடு கிழித்தது. பிறகு பாதத்தில் பாதி. சித்திரை பிறக்கும்போது முழுத் தடம், மற்ற மூன்றையும்விட ஆழம் சற்றுக் குறைவாக.

நொண்டல் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. தூங்கி எழுந்தால் முதல் பத்து அடிக்கு விந்துகிறது. அதிகம் ஓடியாடிய நாளில் சாயங்காலம் காலைத் தூக்கி வைத்துக்கொள்கிறது. தொடை சூம்பல் பாதி நிரம்பியிருக்கிறது. இனி இவ்வளவுதான் என்றார் டாக்டரம்மா.

அப்படியானால் பிராதை வாபஸ் வாங்கலாமா, கூடாதா? போன மாதம் வீட்டில் இதே விவாதம். குறை முழுவதும் தீரவில்லையே என்றார் என் கணவர். மனுவின் நகலைப் படிக்கச் சொன்னார் அத்தை. "நாலு காலையும் ஊன்றி நடக்க வேண்டும்" என்று படித்தேன்.

"நொண்டாமல் என்று இருக்கிறதா?"

"இல்லை."

"பத்திரிகைக்காரி எழுதின லட்சணம்! சரி, கேட்டதை அவன் கொடுத்துவிட்டான். கிளம்புங்கள்."

பொட்டுவையும் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினோம். கேட்டை நான்தான் சாத்தினேன். அத்தை இறங்கிப் போய் ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.