இரண்டாங்கட்டுக்கும் இன்டர்நெட்!

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பார்த்திருக்கீங்களா? முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில்! முகப்பில் இருக்கும் வைஃபை, தடிமனான சுவர்களைத் தாண்டி இரண்டாங்கட்டுக்கு வர்றதுக்குள்ள மூச்சு வாங்கிடும். எங்க அப்பத்தா வீட்டிலும் அதே கதைதான். சிங்கப்பூர் சித்தப்பா வீடியோவில் பாதிப் பேச்சில் உறைஞ்சு நிற்க, அப்பத்தா முகம் வாடிடும்.

வழி சிம்பிள். ரூட்டரிலிருந்து ஒரு கேட்-6 கேபிள், இரண்டாங்கட்டில் எட்டு போர்ட் ஸ்விட்ச், அதில் ஒரு அக்சஸ் பாயின்ட். கேபிள் நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். மாட்டின அன்னைக்கே சித்தப்பாவோட முழுசா முக்கால் மணி நேரம் பேச்சு!

ரெண்டு விஷயம் முக்கியம். மேனேஜ்டு ஸ்விட்ச்னா, அதோட வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாத்திடுங்க. அடுத்தது, ஒரே கேபிளோட ரெண்டு முனையையும் ஒரே ஸ்விட்ச்சில் சொருகிடாதீங்க. தகவல் சுத்திச் சுத்தி வந்து மொத்த நெட்வொர்க்கும் படுத்துடும். இதைத் தடுக்கிற 'ஸ்பேனிங் ட்ரீ' முறையை ரேடியா பெர்ல்மன் 1985-ல் வெளியிட்டாங்க. விலை குறைந்த பல ஸ்விட்ச்களில் அது கிடையாது. உங்களுடையதில் இருந்தா, ஆன் பண்ணிடுங்க.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறப்ப, பையில் ஒரு கிரிம்பிங் டூலையும் போட்டுக்கோங்க!