பொத்தல்களில் ஒரு தாலாட்டு

அறிவியல் கண்காட்சியில் என் மேசைக்கு வந்த பலர், "இது என்ன, பொத்தல் விழுந்த தோசையா?" என்று கேட்டுச் சிரித்தனர். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அந்தப் பொத்தல்களில் என் ஆயா பாடிய தாலாட்டு இருந்தது.

இசைப்பெட்டி பற்றி எங்களுக்குச் சொன்னவர் அறிவியல் சிஸ்டர். 1880களின் கடைசியில், ஜெர்மனி நாட்டு லைப்சிக் நகரில், பாட்டுகளை உலோகத் தட்டில் பொத்தல்களாகக் குத்தி விற்றார்களாம். பொத்தலின் அடியில் சிறு கொக்கி நீண்டிருக்கும். தட்டு சுழலும்போது கொக்கி ஒரு பல்சக்கரத்தைத் தள்ள, அது எஃகுச் சீப்பின் ஒரு பல்லை மீட்டும். கிராமபோன் வந்ததும் இப்பெட்டிகள் மூலைக்குப் போயின. பெட்டி உடைந்து தட்டு மட்டும் மிஞ்சினாலும் இன்று ஒளியைக் கொண்டே பாட்டைப் படித்துவிடலாம். பொத்தல் மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பது எந்தப் பல் என்று சொல்லும். எந்தக் கோணம் என்பது எப்போது ஒலிக்கும் என்று சொல்லும். அந்தப் பல்லின் சுருதியை மட்டும் நாம்தான் அறிந்திருக்க வேண்டும்.

இதைத் தாத்தாவுக்கு எழுதிக் காட்டினேன். உளுந்தூர்பேட்டைப் பக்கத்துக் கொட்டகைகளில் ஆபரேட்டராக இருந்தவர் அவர். இப்போது காது கேட்பதில்லை. "இதுல என்னம்மா புதுசு?" என்றார். பிலிமின் ஓரத்தில் ஒரு கோடு ஓடுமாம். சிறு விளக்கின் ஒளி அதன் வழியே போட்டோசெல்லில் விழும். கோடு அகன்று குறுக, ஒளியும் கூடிக் குறையும். அதுவே மின்சாரமாகி ஒலிபெருக்கியில் பாட்டாகும். "வெளிச்சந்தான் பாடுச்சு. நாங்க சும்மா மாட்டி விட்டோம்."

ஆயா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவர் பாட்டை யாரும் பதிவு செய்யவில்லை. அம்மா முணுமுணுத்ததைக் கேட்டு ஆர்மோனியத்தில் தேடினேன். ஐந்தே சுரங்கள்! அட்டையில் ஐந்து வளையங்கள் வரைந்து பொத்தலிட்டேன். மேலே விளக்கு, கீழே வளையத்துக்கு ஒன்றாக ஒளியுணரிகள், அவற்றோடு ஐந்து சிறு பல்புகள். எந்தப் பல்பு எரிகிறதோ அந்தக் கட்டையை நான் அழுத்த வேண்டும்.

முதல் நாள் இரவு ஓட்டிப் பார்த்தோம். "இது எங்கம்மா பாட்டு இல்லடி" என்றார் அம்மா. எனக்கு அழுகை வந்துவிட்டது. பல்புகளையே பார்த்திருந்த தாத்தா, "அட்டையக் கவுத்துப் போட்டிருக்க பாரு. எழுதின பக்கம் அடியில கெடக்கு" என்றார்.

உண்மைதான். கவிழ்த்தால் பொத்தலின் தூரம் மாறாது, வரிசை மட்டும் எதிர்ப்புறமாகிவிடும். தாலாட்டு கடைசியிலிருந்து முதலுக்கு ஓடியிருக்கிறது! "ரீலத் திருப்பிச் சுத்தாம மாட்டினா இப்படித்தான். கொட்டகையே விசில்ல இடிஞ்சிடும்" என்று தாத்தா வெகுநேரம் சிரித்தார்.

பரிசு மழைநீர்த் தொட்டிக்குப் போயிற்று. மாலையில் தாத்தா வந்து என் மேசை முன் அமர்ந்தார். நான் தட்டைச் சுழற்றினேன். பல்புகள் மின்ன மின்ன, அவர் விரல் முழங்காலில் தாளம் போட்டது. மூன்றாம் வரியில் விரல் நின்றது.

"இந்த எடத்துல உங்க ஆயா கொஞ்சம் மூச்சு வாங்குவா."

அன்றிரவே வேறு அட்டை வெட்டினேன். அந்த இடத்தில் ஒரு விரற்கடை பொத்தலில்லாமல் விட்டேன்.