இறுதிச் சொல்வரை படி



போர்டிக்சன் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியொன்றில் நூலகப் பட்டியலைக் கணினியில் தரவுத்தளமாகச் சேர்த்து வந்தேன். பள்ளி முடிந்தபின் மாணவர்களே அமர்ந்து தட்டெழுதிய பட்டியல் அது. ‘ஸாம்ப்’ மென்பொருளை நிறுவும்போது ‘ரூட்’ என்னும் தலைமைப் பயனருக்குக் கடவுச்சொல் இராது. பாதுகாப்புக் கருதி ஒன்றை அமைத்தேன். உடனே ‘பிஎச்பிமைஅட்மின்’ பக்கம் திறக்க மறுத்தது. பிழை எண் 1045: அனுமதி மறுக்கப்பட்டது!

யாவற்றையும் நீக்கி மீண்டும் நிறுவ முற்பட்டேன். நீக்கியிருந்தால் மாணவர்களின் உழைப்பும் உடன் அழிந்திருக்கும். படியெடுத்து வைக்காதது என் பிழையே.

நல்லவேளையாக, செய்தியின் இறுதியில் அடைப்புக்குறிக்குள் இருந்ததைப் படித்தேன். ‘கடவுச்சொல் பயன்பாடு: இல்லை’ என்றிருந்தது. தவறான சொல்லை அனுப்பியிருந்தால் ‘ஆம்’ என்றிருக்கும். இங்கோ எச்சொல்லும் அனுப்பப்படவில்லை! அப்பக்கத்தின் அமைப்புக் கோப்பில் பழைய வெற்றிடமே இருந்தது. நுழைவு முறையைக் ‘கான்ஃபிக்’ என்பதிலிருந்து ‘குக்கி’ என மாற்றினேன். பக்கம் கடவுச்சொல்லைக் கேட்டது, தந்தேன், திறந்தது. முதல் வேலையாகப் பட்டியலைப் படியெடுத்தேன்.

“வினாவை இறுதிச் சொல்வரை படி” என மாணவர்களுக்கு நாள்தோறும் சொல்கிறேன். அன்று அப்பாடம் எனக்கானது.