பாறு பார்க்கப் போறோம்!

மூங்கில்துறைப்பட்டில் நின்றுகொண்டு "ஆப்பிரிக்கா போறோம்" என்று சொல்லிப் பாருங்கள். "எதுக்கு?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். "யாருக்கு அங்க வேலை கிடைச்சிருக்கு?" என்பார்கள். வேலைக்கு இல்லீங்க, சிங்கம் பார்க்கவும் பறவை பார்க்கவும் என்று விளக்கினால், டீக்கடை பெஞ்சில் இரண்டு பேர் எழுந்து தள்ளி உட்காருவார்கள். மரியாதையால் அல்ல!

ஊர் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. திருவண்ணாமலையிலிருந்து சங்கராபுரம் போகிற வழியில், தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது எங்கள் ஊர். மேலே சாத்தனூர் அணை. மேற்கே கல்வராயன் மலை. அடையாளம் கேட்டால் கூட்டுறவு சர்க்கரை ஆலை. ஆலை ஓடுகிற மாதங்களில் கண்ணை மூடிக்கொண்டு வந்தால்கூட வாசனை வழிகாட்டிவிடும்.

நாங்கள் நாலு பேர். ஆபீஸ் குமாஸ்தாவாகிய அடியேன், ஒரு பேங்க் கேஷியர், ஒரு மெடிக்கல் ஷாப்காரர், ஆலையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர். மூன்று வருஷமாகச் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம். ஆளுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கலாம் என்று நாலு வீட்டிலும் தினமும் நினைவுபடுத்துகிறார்கள்.

முதல் திட்டம் கேஷியர் போட்டது. ஏழே நாள். நைரோபி, அம்போசெலி, நகுரு, மசாய் மாரா, செரெங்கெட்டி, இங்கோரோங்கோரோ. வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். கோடு அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஆப்பிரிக்காவில் ஸ்கேல் மேல் வண்டி ஓடாதே! அம்போசெலி தெற்கே, நகுரு வடமேற்கே. கென்யாவின் மாராவும் தான்சானியாவின் செரெங்கெட்டியும் வரைபடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. மிருகங்கள் பாட்டுக்குக் கடந்து போகின்றன. சுற்றுலாப் பயணி மட்டும் மேற்கே இசெபானியா எல்லைச் சாவடி வரை சுற்றிப் போய், இன்னொரு நாட்டு வீசா காட்டித்தான் நுழைய வேண்டும். அதிலேயே ஒரு நாள் காலி.

"ஆறு பார்க் பார்த்தேன்னு சொல்லிக்கலாமே?"

"சொல்லிக்கலாம். ஆறு பார்க்கோட கேட்டை மட்டும் பார்த்திருப்போம்."

ஆலை நண்பர் மட்டும் இந்தச் சண்டையில் கலந்துகொள்ளவில்லை. என்னதான் பார்க்கணும் உனக்கு என்று கேட்டோம். நோட்டில் ஒரே ஒரு பெயர் எழுதி வைத்திருந்தார். பாறு. பிணந்தின்னிக் கழுகு!

அவருடைய அப்பா சொன்ன கதை அது. உழவு மாடு செத்தால் ஆற்றங்கரையில் கொண்டுபோய்ப் போடுவார்களாம். வானத்தில் ஒரு புள்ளிகூட இருக்காதாம். அரை மணி நேரத்தில் முப்பது நாற்பது பாறு இறங்கிவிடுமாம். சாயங்காலம் போய்ப் பார்த்தால் எலும்பு மட்டும் வெள்ளை வெளேரென்று கிடக்குமாம். மகன் ஒரு பாறுகூடப் பார்த்ததில்லை. அப்பாவும் இப்போது இல்லை.

அந்தப் பறவைகள் எங்கே போயின? 1990-களில் இந்தியா முழுக்கக் கொத்துக் கொத்தாகச் செத்தன. வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அழிந்தன. காரணம் 2004-ல்தான் தெரிந்தது: டைக்ளோஃபெனாக். மாட்டுக்கு வலி தீரப் போட்ட ஊசி. அந்த மாடு செத்து, அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் போய்விடும். 2006-ல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மனிதர்களுக்கான பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குக் குத்துவது நிற்கவில்லை. அதனால் 2015-ல் ஊசி மருந்தை 3 மில்லிக்கு மேல் அடைத்து விற்கக் கூடாது என்றும் உத்தரவு வந்தது.

இதைப் பேசிக்கொண்டிருந்தபோது மெடிக்கல் ஷாப்காரர் ரொம்ப நேரம் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து வலி ஊசி கேட்டு வருகிறவர்களிடம் "மனுஷனுக்கா, மாட்டுக்கா?" என்று விசாரிக்கிறார். மாட்டுக்கு என்றால், பாறுக்குக் கெடுதல் செய்யாத மெலாக்சிகாம் பற்றிக் கால்நடை டாக்டரைக் கேளுங்கள் என்று அனுப்பிவிடுகிறார். கேட்டவர்களில் சிலர் நம்புகிறார்கள், சிலர் கடை மாற்றுகிறார்கள்.

அன்றைக்கே திட்டம் தலைகீழாக மாறிவிட்டது. சிங்கம் தின்ற மிச்சத்தில் பாறு இறங்குவதைப் பார்க்க வேண்டுமென்றால் பரந்த புல்வெளி வேண்டும், நேரம் வேண்டும், ஒரே இடத்தில் உட்காரும் பொறுமை வேண்டும். மசாய் மாரா 1,510 சதுர கிலோமீட்டர் புல்வெளி. அங்கே மூன்று இரவு என்று முடிவானது. (அங்கேயும் பாறுகள் குறைகின்றன. மாட்டை அடிக்கும் சிங்கத்துக்கு வைத்த விஷத்தில் பாறுகள் சாகின்றன. கதை வேறு, முடிவு ஒன்று.)

அடுத்து, எப்போது போவது? இங்கேதான் பணமும் லீவும் முட்டிக்கொண்டன. 2024 முதல் மாராவில் வெளிநாட்டுக்காரர்களுக்கு நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு நாளைக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். நாள் என்றால் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரைதான். மூன்று நாளுக்குக் கணக்குப் போட்டால், ஜூனுக்கும் ஜூலைக்கும் நாலு பேருக்குச் சேர்த்து 1,200 டாலர் வித்தியாசம். நம்ம பணத்தில் ஒரு லட்சத்துக்கு மேல்! ஜூலைக்கு அப்புறம் ஏன் விலை ஏறுகிறது? பத்து லட்சத்துக்கும் அதிகமான வில்டபீஸ்ட்டுகள் (மாட்டு முகம், மான் உடம்பு, மாமியார் பார்வை) செரெங்கெட்டியிலிருந்து வந்து மாரா ஆற்றில் முதலைகளுக்கு நடுவே குதித்துக் கடக்கும் காலம் அது.

ஜனவரி, பிப்ரவரி மலிவு. நல்ல வெயில், ஐரோப்பாவிலிருந்து வந்த பறவைகளும் அங்கேதான் இருக்கும். ஆனால் அதுதான் இங்கே கரும்பு அரவைக் காலம். ஆலைக்காரருக்கு லீவு கேட்கவே வாய் வராது.

கேஷியருக்கு ஆறு கடக்கிற காட்சி வேண்டும். "அது இல்லாம மாரா எதுக்கு?" என்றார். கரையில் மணிக்கணக்கில் காத்திருந்து, முன்னால் நிற்கிற மிருகம் மனசு மாறிக் கூட்டமே திரும்பிப் போவதும் உண்டு. அதைப் பார்க்க ஏகப்பட்ட வண்டிகள் நெருக்கியடிக்கும். நெரிசல் பார்க்க ஆப்பிரிக்கா எதற்கு, கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலை போதாதா? கடைசியில் ஜூன் மாத நடுப்பகுதி என்று முடிவு. பெரிய மழை ஓய்ந்திருக்கும். புல் உயரமாக இருக்கும், சிறுத்தை தெரிவது கஷ்டம்தான். ஆனால் சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி, பாறு எல்லாம் வருஷம் முழுக்க அங்கேயே குடியிருப்பவை. கட்டணமும் பாதி.

மீதி இரவுகளில் ஒன்று நைரோபியில், இரண்டு நைவாஷா ஏரிக் கரையில். பறவை பார்க்க வண்டியைவிடக் கால்தான் நல்லது. ஆனால் சிங்கம் இருக்கிற பூங்காவில் இறங்கி நடக்க விடமாட்டார்கள். நைவாஷா பக்கத்தில் ஹெல்ஸ் கேட் என்று சின்னதாக ஒரு தேசியப் பூங்கா. அங்கே சைக்கிளில் போகலாம்! வரிக்குதிரைக்குப் பக்கத்தில் பெடல் மிதித்துப் போகலாம். அதன் பாறை முகட்டில் ரூப்பெல் பாறுகள் கூடு கட்டுகின்றன. 1973-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் 37,000 அடி உயரத்தில் விமானத்தில் மோதியது இந்த வகைப் பாறுதான். நகுரு ஏரியைச் சேர்க்கவில்லை. பழைய படங்களில் கரையெல்லாம் ரோஜா நிறமாகப் பூநாரை நிற்குமே, ஏரித் தண்ணீர் உயர்ந்ததில் அவை பெரும்பாலும் இடம் மாறிவிட்டன. பழைய காலண்டரை நம்பிப் போகக் கூடாது.

வேலைகளில் முதலாவது ஊசி. கென்யா போய்த் திரும்புகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் இந்தியாவில் இறங்கியதும் ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். ஆறு நாள் டூருக்கு ஆறு நாள் போனஸ்! கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போல அங்கீகாரம் பெற்ற இடங்களில் மட்டுமே போடுவார்கள். புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் செல்லும். கென்யாவுக்கு 2024 முதல் வீசா இல்லை. அதற்குப் பதிலாக இணையத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும், சுமார் 30 டாலர். சென்னையிலிருந்து நேர் விமானம் கிடையாது. மும்பையில் மாறினால் அங்கிருந்து ஆறு மணி நேரம்.

உடுப்பு விஷயத்தில் நீலமும் கறுப்பும் வேண்டாம். செட்சி என்கிற ஈக்கு அந்த நிறங்கள் பிடிக்கும், கடித்தால் உயிர் போகிற வலி. காக்கியோ மங்கிய பச்சையோ போதும். கேஷியர் தன் மாமனாருடைய பழைய சஃபாரி சூட்டை எடுத்துவந்தார். பெயரில் மட்டும்தான் சஃபாரி என்று சொல்லி மடித்து வைக்கச் சொன்னோம். ஸ்வெட்டர் கண்டிப்பாக வேண்டும். நைரோபி ஏற்காட்டைவிட உயரம், ஜூனில் காலையில் பல் கிட்டும். பிளாஸ்டிக் பையைக் கென்யா 2017-லேயே தடை செய்துவிட்டது. ஆகவே நாலு பேரும் மஞ்சப்பையோடு விமானம் ஏறுகிறோம். ஊர்க்காரர்கள் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

பயிற்சி? அது ஞாயிறு காலை பெண்ணையாற்றில் நடக்கிறது. இரண்டு பைனாகுலர், நாலு பேர், முறை வைத்து. கறுப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று தொப்பென்று விழுகிறது. அதே மீன்கொத்தி நைவாஷாவிலும் உண்டு. கொண்டலாத்தி, நெட்டைக்கால் உள்ளான், அரிவாள்மூக்கன் எல்லாம் இரண்டு கண்டத்துக்கும் பொது. கரும்புத் தோட்டத்து ஓரம் தூக்கணாங்குருவி ஒரு வகைதான். ஆப்பிரிக்காவில் அதன் பங்காளிகள் நூற்றுக்கும் மேல். இங்கே ஒன்றைச் சரியாகப் பார்க்கத் தெரிந்தவனுக்கு அங்கே நூறில் பத்தாவது பிடிபடும்.

இதில் ஒரு வேடிக்கை. அமூர் வல்லூறு என்று ஒரு பறவை, எடை கால் கிலோகூட இல்லை. சைபீரியா, சீனப் பக்கமிருந்து வந்து நாகாலாந்தில் இளைப்பாறிவிட்டு, நம் தீபகற்பத்தையும் அரபிக் கடலையும் மூன்று நாலு நாளில் நிற்காமல் தாண்டி ஆப்பிரிக்கா போகிறது. 2013-ல் கருவி கட்டி அனுப்பிய பறவைகள் இதைக் காட்டிக் கொடுத்தன. சீட்டு இல்லை, வீசா இல்லை, மஞ்சள் காய்ச்சல் ஊசியும் இல்லை!

"பாறு முதுமலைப் பக்கமே இருக்கே, அதுக்கு இவ்வளவு செலவா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் கொஞ்சம் தப்பித்திருக்கின்றன. அதனால் முதலில் மசினகுடிக்கு பஸ் ஏறுகிறோம், ஆலை நண்பரின் வார லீவில். அங்கே ஒன்றாவது வானத்தில் தெரிந்தால் அப்பாவின் கதையில் பாதி வந்துவிடும். மீதிப் பாதி, அந்த நாற்பது பறவை இறங்குவது, மாராவில்.

சீட்டு இன்னும் நாலு தவணை. பாஸ்போர்ட்டில் மூன்று தயார், கேஷியருடையது மட்டும் போலீஸ் விசாரணையில். ஆலை நண்பர் ஜூன் மாத லீவுக்கு இப்போதே மனு எழுதிவிட்டார். "காரணம்" என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று எங்களைக் கேட்டார். ஆளுக்கொன்று சொன்னோம். எதையும் கேட்காமல் "சொந்த வேலை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.