கலப்பை: சுமந்தவரின் பை

கலப்பை என்றால் இன்று உழுகருவி. சங்கப் பாடல்களிலோ அச்சொல் 'கலம்', 'பை' எனப் பிரிந்து, கருவிகளை இட்டுவைக்கும் பையைக் குறிக்கும். மலைபடுகடாத்தில் கூத்தர்கள் இசைக்கருவிகளைக் கட்டிச் சுமக்கும் பை கலப்பை. நற்றிணையின் முல்லைப் பாடல் ஒன்றில் மழைக்காலத்து இரவை ஆட்டு மந்தையோடு வெளியில் கழிக்கும் இடையனிடமும் ஒரு கலப்பை உண்டு. அதில் இருப்பது ஞெலிகோல், அதாவது தீக்கடைகோல். அதனுடன் தோலும் உறியும் மழைக்கு முதுகில் இடும் ஓலைப்பறியும் சேர்கின்றன. நெருப்பு, படுக்கை, உணவு, கூரை என நான்கும் அதில் அடங்கிவிடுகின்றன. வீடு திரும்ப இயலாத இரவுக்கான ஆயத்தம் இதைவிடச் சுருக்கமாக அமைவது அரிது. இங்குக் கருத வேண்டிய செய்தி வேறொன்று: அப்பையைச் சுமப்பவனும் அதனால் பிழைப்பவனும் ஒருவனே.

இவ்விருவரும் வேறு வேறு ஆட்களான காலம் ஒன்று பின்னர் வந்தது. 1809இல் பெங்களூரில் தண்டுப்பகுதி அமைந்தபின், துப்பாக்கியோடு காடேகுவது அங்கிருந்த ஆங்கிலேயரின் பொழுதுபோக்காயிற்று. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) எழுதிய நூல்கள் அக்காலத்தின் இறுதிப் பகுதிக்குச் சான்று. ஜவளகிரி, பென்னாகரம், சின்னாறு எனத் தமிழ்நாட்டு எல்லைக் காடுகள் அவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. வின்செஸ்டர் துப்பாக்கி, அதில் பொருத்திய டார்ச், இரவு முழுதும் பரணில் விழித்திருக்கத் தேநீர் என அவருடைய ஆயத்தங்கள் நமக்குத் தெரியவருகின்றன. பூசாரி இனத்தவரான பைராவை ஆண்டர்சன் நண்பராகவே போற்றினார். அவ்வாறு பெயர் பெற்ற துணைவர் சிலரே. வேட்டைக் குழுக்களுக்குப் பை சுமந்தோருள் பெரும்பாலோரின் பெயர் எங்கும் பதிவாகவில்லை.

நீலசந்திராவின் சந்தொன்றில் வாழும் முதியவர் ஒருவர் அத்தகையோருள் ஒருவர். தண்டுப்பகுதியை ஒட்டிய தமிழ்க் குடியிருப்புகளிலிருந்து சமையலுக்கும் சுமைக்கும் ஆள் எடுத்த நாள்களில், பதினெட்டு வயதில் அவர் காட்டுக்குப் போனார். தோல் பையின் உள்ளடக்கத்தை இன்றும் வரிசை மாறாமல் சொல்கிறார்: பேட்டரிக் கட்டைகள், டிங்சர் அயோடின், பஞ்சு, பிராந்தி, கொயினா மாத்திரை, பாம்புக் கடிக்கென்று சிறு கத்தியும் ஊதா நிறப் படிகமும். அவருடைய சொந்த மூட்டையில் இருந்தவை களி உருண்டை, வெங்காயம், மெழுகுத்துணியில் சுற்றிய தீப்பெட்டி, கம்பளி. அவரே கூறுவது: "பை எங்கிட்டதான் இருந்துச்சு. ஆனா எனக்குன்னு அதுல ஒண்ணும் இல்ல."

அந்த ஊதாப் படிகம் பொட்டாசியம் பெர்மாங்கனேட். 1904இல் லாடர் பிரன்டன், ஜோசப் ஃபேரர், லெனார்டு ராஜர்ஸ் ஆகியோர் பரிந்துரைத்த முறை அது: கடிவாயைக் கீறிப் படிகத்தைத் தேய்த்தல். நஞ்சு அதற்குள் உடலில் பரவிவிடும் என்பதால் அம்முறை பயனற்றது; புண்ணை ஆழமாக்குவதால் தீங்கும் விளைவிப்பது. இன்றைய மருத்துவம் கீறாதே, உறிஞ்சாதே, இறுகக் கட்டாதே என்கிறது. கடிபட்ட உறுப்பை அசையாமல் தாங்குகட்டு இட்டு, விரைந்து மருத்துவமனை சேர்வதே வழி. நஞ்சுமுறி மருந்து மருத்துவர் மேற்பார்வையில் செலுத்தத்தக்கது. பையில் எடுத்துச் செல்லும் பொருளன்று. ஆக, சீமான்களின் பையில் மிகுந்த நம்பிக்கையோடு வைக்கப்பட்ட பொருளே மிகக் குறைந்த பயனுடையதாயிற்று. சுமந்தவர் மூட்டையிலிருந்த நனையாத தீப்பெட்டியோ ஞெலிகோலின் நேர் வாரிசு. நீர், நெருப்பு, வெளிச்சம், குளிர் தாங்கும் துணி, விசில், போகும் இடமும் திரும்பும் நேரமும் ஊரில் ஒருவருக்குத் தெரிந்திருத்தல் என்னும் இன்றைய பட்டியலும் இடையனின் பையைவிட வெகுதொலைவு சென்றுவிடவில்லை.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பொழுதுபோக்கு வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. ஆயினும் காட்டில் இரவு தங்குவோர் இல்லாமற்போகவில்லை. முதுமலை போன்ற காப்பகங்களில் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இன்றும் யானைத் தடத்திலும் புலித் தடத்திலும் நடக்கின்றனர். அவர்களுள் பலர் பழங்குடியினர். வேட்டைக்காரருக்கு வழிகாட்டிய அதே கானறிவு இப்போது விலங்கைக் காக்கிறது. காடு குறித்து ஆய்வு செய்வோரும் அவர்களை முன்னே நடக்கவிட்டே உள்ளே செல்கின்றனர்.

களப்பணிக்குப் பை கட்டும் ஒவ்வொரு ஆய்வுக் குழுவும் பட்டியலின் ஓரத்தில் ஓர் எண்ணைக் குறித்துக்கொள்வது நல்லது: மொத்தம் எத்தனை பேர். டார்ச்சும் தாங்குகட்டுத் துணியும் மழைச் சட்டையும் அந்த எண்ணிக்கைக்குப் போதுமா எனப் பார்க்க வேண்டும். எண்ணும்போது வழிகாட்டியையும் சுமப்பவரையும் சேர்த்தே எண்ண வேண்டும்.